பன்னிரண்டாம் தேதிக்கு இரண்டு தாள்கள்

ஹேமநாதன் சார் எழுதியதைக் கிறுக்கி அழிக்க மாட்டார். தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு அடியில் பழையது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டு, தேதி வைப்பார். பதினேழு வருடமாகப் பார்க்கிறேன். ரெஜிஸ்டரில் மட்டும் இல்லை, டீ எண்ணிக்கை எழுதும் துண்டுச் சீட்டில்கூட அப்படித்தான். ஒருநாள் ஆறு என்று எழுதியவர், யாரோ லீவு என்று தெரிந்ததும் கோடு போட்டு, பக்கத்தில் ஐந்து எழுதி, கையெழுத்தும் தேதியும் வைத்துக் கொடுத்தார். டீக்கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஊட்டுப் பத்திரமா?" என்றார்.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. இரும்புப் பின்களை ஃபர்னஸில் வைத்துக் கெட்டிப்படுத்திக் கொடுக்கும் வேலை. கெட்டியான பின்னை அப்படியே விட முடியாது. மறுபடியும் மிதமான சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். அந்தச் சூடு குறைந்தால் பின் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். எந்தப் பின்னுக்கு எவ்வளவு சூடு என்பதைத் தினமும் காலையில் ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு ஃபர்னஸிலும் வைப்பார்கள். அதை வைக்கிறவள் நான். கூட்டுவது, டீ வாங்கி வருவது, கிளாஸ் கழுவுவது, இதெல்லாம்கூட என் வேலைதான். என் பெயர் பேபி. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆனால் எண்ணையும் தேதியையும் நன்றாகப் படிப்பேன்.

ஹேமநாதன் சார் டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுத வந்தவர். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவார். வேலை முடிந்ததும் பாடியில் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார். வாய்வார்த்தையாக யார் எதைச் சொன்னாலும் கேட்க மாட்டார். "வாயில சொல்லாத, எழுதிக் குடு" என்பார். எழுதிக் கொடுத்தால், "தேதி எங்க?" என்பார். பேனாவைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். சாப்பாட்டுக்குப் போகும்போது கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்ப்பார். முதல் ஃபர்னஸில் வேலை செய்யும் ராஜகுமாரி அக்கா அவருக்குச் சந்தேகசாமி என்று பெயர் வைத்தார். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், அவர் காதில் விழாமல்.

கம்பெனியில் வருடா வருடம் ஜூன் மூன்றாம் தேதி அவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள். ஒரு துண்டு சாப்பிடுவார், சிரிக்க மாட்டார். ஆவணி மாதத்தில் ஒருநாள் அவர் மனைவி லாவண்யா ஒரு டப்பா கேசரி கொடுத்தனுப்புவார். எதற்கு என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று மட்டும் மனதில் வைத்திருந்தேன்.

முதலில் வெளியிலிருந்து ஒரு புரோகிராம் வாங்கிப் போட்டார்கள். ஒரு சூட்டை மாற்றினால் பழைய எண் போய்விடும், புதிய எண் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நேற்று என்ன இருந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. ஹேமநாதன் சார் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "இது ரப்பர் வெச்சுகினு எழுதுற ரெஜிஸ்டர்" என்றார். மேனேஜரிடம் கேட்டு அனுமதி வாங்கி, மூன்று மாதம் உட்கார்ந்து தானே ஒரு அட்டவணை செய்தார். அதில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு வரி. அந்த வரியில் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று இரண்டு கட்டம். சூடு மாறினால் பழைய வரியை அழிக்கக் கூடாது. 'வரை' என்ற கட்டத்தில் தேதி போட்டு அதை மூடிவிட்டு, கீழே புது வரி திறக்க வேண்டும். போன மாதம் என்ன சூடு, முந்தின வருடம் என்ன சூடு என்று எதைக் கேட்டாலும் சொல்லும். அது முடிந்த அன்று அவர் எல்லோருக்கும் டீ சொன்னார். அவர் செலவு செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த அட்டவணைதான் ராஜகுமாரி அக்காவை மாட்டிவிட்டது.

அக்கா பதினொரு வருடமாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர். அந்த வருடம் ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. வரிசைப்படி அது அவருக்கு. அடுத்து இருந்தவன் கிரண். பிளானிங் பார்த்து, மாறின சூட்டை அட்டவணையில் பதிகிற திருமுருகன் சாரின் மைத்துனர் மகன். இதையும் நான் மனதில் வைத்திருந்தேன்.

மாதக் கடைசியில், பின் வாங்கிய இடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆயிரத்து நானூறு பின்களில் விரிசல். பெட்டி எண்ணைப் பார்த்தால் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஷிப்ட், முதல் ஃபர்னஸ். அந்த வாரம் அந்தப் பின் ஓடியது அந்த ஒரு ஷிப்டில்தான். அன்று அங்கே இருந்தது ராஜகுமாரி அக்கா.

முப்பதாம் தேதி மேனேஜர் அறையில் விசாரணை. நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அக்கா நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிஸ்டத்தைப் பாரும்மா" என்றார் மேனேஜர். "பதினொண்ணாம் தேதியிலேர்ந்து இருநூத்திப் பத்து டிகிரி. நீ பன்னெண்டாம் தேதி நூத்தி எண்பதுல ஓட்டியிருக்க. உன் கையாலயே லாக்புக்ல எழுதியிருக்க."

"நூத்தி எம்பதுல தான் சார் ஓட்டுனேன். பேப்பர்ல அதான் போட்டுகினு இருந்துச்சு."

"பேப்பர் எங்கேர்ந்து வருது? சிஸ்டத்துலேர்ந்துதானே?"

"எனக்கு இன்னா சார் தெரியும், எங்கேர்ந்து வருதுன்னு? கண்ணு முன்னால இன்னா கீதோ அதைப் பாத்து ஓட்டுறேன். பதினோரு வருசம் அப்படித்தான் ஓட்டிகினு கீறேன்." அக்கா ஹேமநாதன் சார் பக்கம் திரும்பினார். "யோவ், நீ சொல்லுய்யா. எதையும் அழிக்க மாட்டேன்னு பீத்திக்குவியே. எதை மாத்தின?"

ஹேமநாதன் சார் கழுத்துப் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "நான் எதையும் மாத்தலம்மா. அட்டவணையில இருநூத்திப் பத்துன்னு கீது. தேதி பதினொண்ணு."

"நல்லா கீதுப்பா நியாயம். மிசினு பொய் சொல்லாது, நான்தான் பொய் சொல்றேன்?"

திருமுருகன் சார் டீயை வாங்கி, சூடு பார்க்காமல் ஒரே மடக்கில் குடித்தார். சூடான டீயை அப்படிக் குடிக்கிறவர் இல்லை அவர். ஊதி ஊதித்தான் குடிப்பார். காலி கிளாஸை என்னிடம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் கவனித்தேன். புதன்கிழமைக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று மேனேஜர் முடித்தார்.

எனக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம். திருமுருகன் சாருக்குக் கிரண் இருக்கிறான். ஹேமநாதன் சார் கையில் அட்டவணையின் சாவி இருக்கிறது. விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை அவர் அறையைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தார். டீயை வாசலிலேயே வாங்கிக்கொண்டார். பதினேழு வருடத்தில் அப்படி வாங்கியதில்லை.

கிளாஸ்களைக் கழுவி அலமாரியில் கவிழ்க்கும்போதுதான் கை நின்றது.

பழைய தாளை ஃபர்னஸிலிருந்து எடுத்தவுடன் கிழித்துச் சாக்கில் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. பழைய தாள் கண்ணில் பட்டால் யாராவது அதைப் பார்த்து ஓட்டிவிடுவார்கள் என்று. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த வேம்புலி அண்ணன், ஒரு பழைய தாளை மெஷின் மேல் மறந்து வைத்ததற்காக அனுப்பப்பட்டார். இருந்தும் வாரத்தில் ஒரு தாளை மட்டும் நான் கிழிப்பதில்லை. வெள்ளிக்கிழமை அலமாரி துடைக்கிற நாள். அன்று காலை முதல் ஃபர்னஸிலிருந்து எடுத்த வியாழக்கிழமைத் தாளைக் கிளாஸுக்கு அடியில் விரிப்பேன். ஒற்றைத் தாள் தண்ணீர் தாங்காது. அதனால் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போடுவேன். இரண்டு மாதம் சேர்ந்து கனமானதும் மொத்தமாக எடுத்துவிடுவேன்.

கிளாஸ்களை நகர்த்திவிட்டு மேல் தாளைத் தூக்கினேன். இருபத்தாறாம் தேதி, இருநூற்றுப் பத்து. அதற்கு அடியில் பத்தொன்பது, இருநூற்றுப் பத்து. மூன்றாவது ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பிரித்தேன். கிளாஸ் வட்டம் வட்டமாகக் கறை. நடுவில் நூற்று எண்பது. கீழே சின்ன எழுத்தில், அச்சிட்ட நேரம், பன்னிரண்டாம் தேதி, காலை ஆறு ஐந்து.

அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. மேனேஜரிடம் பேச எனக்கு வாய் வராது. அக்காவிடம் கொடுத்தால் அவர் போடும் சத்தத்தில் முதலில் என் வேலை போகும். ஹேமநாதன் சாரிடம் கொடுக்கலாம். அவரே மாற்றியிருந்தால்? தாள் அவர் மேஜைக்குப் போய் அப்படியே காணாமல் போய்விடும். அன்று மாலை வரை இடுப்பில் அந்தத் தாளோடுதான் கூட்டினேன்.

மறுநாள் காலை, கூட்டுகிற சாக்கில் அவர் அறைக்குப் போனேன்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு பேபிம்மா."

"பன்னெண்டாம் தேதி பேப்பரை இப்போ அடிக்கச் சொன்னா மிசினு அடிக்குமா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இவள் எதற்குக் கேட்கிறாள் என்ற பார்வை. கம்ப்யூட்டரில் தட்டினார். தாள் வந்தது. பன்னிரண்டாம் தேதிக்கான தாள். இருநூற்றுப் பத்து.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இடுப்பிலிருந்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். திருட்டு மாட்டினால் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இது அப்படிப் போகவில்லை. பிள்ளை தொலைந்துபோனதை அப்போதுதான் கவனித்தவர் மாதிரி போயிற்று. இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கறையைத் தடவிப் பார்த்தார். அச்சிட்ட நேரத்தின் மேல் விரலை வைத்து எடுக்கவே இல்லை.

"இது ஏது?"

"கிளாஸுக்கு அடியில போட்டிருந்தேன் சார். கிழிக்கல. தப்புதான்."

"எத்தினி கீது இந்த மாதிரி?"

"ஏழு, எட்டு இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு போடுவேன்."

அவர் மெதுவாகச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "மூணு மாசம் உக்காந்து நான் பண்ணது தப்பு. நீ அலமாரியில பண்ணிவெச்சது சரி" என்றார். எனக்குப் புரியவில்லை. சந்தேகமும் போகவில்லை. "அன்னிக்கு கதவைச் சாத்திகினு இன்னா சார் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டேன். எப்படி அந்த வார்த்தை என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"பழைய நகல் ஏதாவது கீதான்னு தேடினேன். வாரா வாரம் எடுக்குற நகலு, போன வாரத்து மேலயே எழுதிட்டு கீது. அதையும் நான்தான் அப்படிச் செஞ்சு வெச்சேன். வெக்கமா இருந்துச்சு, சாத்திக்கினேன்."

அன்று பத்து மணிக்கு மேனேஜர் அறையில் மறுபடியும் எல்லோரும். இந்த முறை என்னையும் நிற்கச் சொன்னார்கள். ஹேமநாதன் சார் இரண்டு தாளையும் மேஜையில் வைத்தார். திருமுருகன் சாரைப் பார்த்து, "இருநூத்திப் பத்தை நீங்க என்னிக்கு சார் உள்ள போட்டீங்க?" என்று கேட்டார்.

"பதினொண்ணு. போட்டிருக்கே."

"அது எந்தத் தேதியிலேர்ந்துன்ற கட்டம். நீங்க உக்காந்து டைப் பண்ணது என்னிக்கு?"

திருமுருகன் சார் கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை. பதினாலு. சூட்டை ஏத்தச் சொல்லி பின் வாங்குறவங்ககிட்டேர்ந்து கடுதாசி வந்து, புதன்கிழமையே முடிவு பண்ணிட்டோம். டைப் பண்ண நேரமில்ல."

"அப்போ தேதி பதினாலுன்னு ஏன் போடல?"

"அன்னிக்கு அஷ்டமிய்யா!" கோபத்தோடுதான் சொன்னார். "அஷ்டமியில எவனாவது புது செட்டிங் ஆரம்பிப்பானா? மறுநாள் நவமி. புதன்கிழமை பஞ்சமி, நல்ல நாள். அதைப் போட்டேன். எப்பவும் அப்படித்தான் போடுவேன்."

முதலில் ராஜகுமாரி அக்காதான் பேசினார். "அட சாமி! உனக்கு நல்ல நாள் பாக்கப் போய் எனக்குக் கெட்ட நாள் வந்துச்சே!"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அஷ்டமி உண்மையாக இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம். அன்று விசாரணையில் அவர் ஏன் ஊதாமல் டீயைக் குடித்தார்? பதினாலாம் தேதிதான் டைப் செய்தோம் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? ஹேமநாதன் சாருக்கும் அதே சந்தேகம் என்று அவர் பார்வையில் தெரிந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தின பழைய ரெஜிஸ்டர்களை எல்லாம் இறக்கச் சொன்னார். நானும் அவரும் இரண்டு நாள் தூசி தட்டினோம். திருமுருகன் சார் கையெழுத்தில் நாற்பத்தொரு மாற்றங்கள். ஒன்றுகூட அஷ்டமியில் இல்லை, நவமியில் இல்லை. பழைய காலண்டரோடு ஹேமநாதன் சார் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ரெஜிஸ்டர் காலத்தில் அதனால் கெடுதல் இல்லை. எழுதுகிறவர் கை வரிசையாகத்தானே எழுதும்? பதிமூன்றாம் தேதிக்குக் கீழே பதினொன்று என்று இருந்தால், பின்னால் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அட்டவணையில் அது தெரியாமல் போயிற்று.

வழக்கம் உண்மை என்று ஹேமநாதன் சார் எழுதிக் கொடுத்தார். திருமுருகன் சார் மனசில் என்ன இருந்தது என்று எழுதவில்லை. "அதுக்குக் கட்டம் கிடையாது பேபிம்மா" என்றார்.

பிறகு அட்டவணையை மறுபடியும் செய்தார். இந்த முறை எனக்குச் சொல்லிச் சொல்லிச் செய்தார், எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்று. ஒவ்வொரு வரியிலும் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்ற கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. அதை மனிதர்கள் போடலாம், நல்ல நாள் பார்த்தும் போடலாம். அதோடு இன்னும் இரண்டு கட்டம். இந்த வரி எந்த நிமிடம் உள்ளே வந்தது, எந்த நிமிடம் வரை இதைத்தான் உண்மை என்று வைத்திருந்தோம். அவற்றை மெஷின் மட்டும் போடும். அவராலும் கை வைக்க முடியாதபடி பூட்டிவிட்டார். யாராவது பின்தேதி போட்டால் பழைய வரி மாறாது. அது பாட்டுக்கு நிற்கும், புதியது கீழே சேரும். இப்போது பன்னிரண்டாம் தேதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கலாம். இன்று நமக்குத் தெரிந்தபடி அன்றைய சூடு என்ன? அன்று காலையில் நமக்குத் தெரிந்தபடி என்ன? பழைய அட்டவணை முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, அதுதான் எல்லாம் என்று நம்ப வைத்திருந்தது.

"இதை முதல்லயே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். "எனக்கே ரெண்டு தேதி கீது. எங்கம்மா பெத்தது ஆவணி. ஸ்கூல்ல சேக்க வயசு பத்தலன்னு எங்கப்பா ஜூன் மூணுன்னு எழுதிட்டாரு. ரெண்டுமே என் தேதிதான். ஒண்ணு நடந்தது, ஒண்ணு எழுதினது."

கேசரி எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளக்கம் கேட்டு ராஜகுமாரி அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நிரந்தர இடம் உடனே வரவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எட்டு மாதம் இழுத்தார்கள். ஏன் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தார்கள். எனக்குத் தாள் கிழிக்காததற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஹேமநாதன் சார் அதை வாங்கிப் படித்து, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது ராஜகுமாரி அக்கா அதே முதல் ஃபர்னஸில் நிரந்தரத் தொழிலாளி. காலையில் நான் தாளை வைத்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். கிரண் இரண்டாவது ஃபர்னஸில் ஒப்பந்தத்தில் இருக்கிறான். திருமுருகன் சார் இப்போதும் நாள் பார்த்துத்தான் தேதி போடுகிறார், பக்கத்திலேயே மெஷின் தன் தேதியைப் போட்டுக்கொள்கிறது. அவர் டீயை ஊதிக் குடிக்கிறாரா என்று நான் தினமும் பார்க்கிறேன். ஹேமநாதன் சாருக்கு எழுதின தேதிப்படி ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. பழைய தாளை எல்லாம் அன்றன்றே கிழித்துச் சாக்கில் போடுகிறேன். அலமாரியில் ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்கள்.